கடலில் குளிக்கும் முன் கொஞ்சம் கவனிப்போம்



நமது கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில் ஒரு சகோதரி கேட்டார்: "தீபாவளி லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் நல்ல மழை. வந்த மறுநாளே ரெண்டு பேருக்கும் வயித்தால போச்சு. கடல் தண்ணிதான் உப்பாச்சே, உப்புல கிருமி இருக்குமா?"

அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது கடல் தண்ணீரால்தான் என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் கேள்விக்குப் பதில் உண்டு. உப்புத் தண்ணீரிலும் கிருமி இருக்கும். உப்பும் வெயிலும் கிருமியைக் கொல்லும், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். தண்ணீர் கலங்கி இருந்தால் வெயில் உள்ளே இறங்காது. அப்போது கிருமி இன்னும் அதிக நேரம் உயிரோடு இருக்கும்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நம் மாவட்டத்துக்குச் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. இது பாக் நீரிணைக் கடல். அலை குறைவு, ஆழமும் குறைவு. இதைப் 'பெண் கடல்' என்று சொல்வதும் அதனால்தான். பிள்ளைகள் இறங்க பயமில்லை. ஆனால் கரையோரம் வந்து சேரும் அழுக்கும் சீக்கிரம் விலகிப் போகாது.

புரட்டாசி முடிந்து மழை பிடித்ததும் தெருச் சாக்கடை, திறந்தவெளி மலம், மாட்டுச் சாணி, நிரம்பி வழியும் செப்டிக் டேங்க் எல்லாம் வாய்க்காலில் இறங்குகின்றன. வாய்க்கால் ஆற்றுக்குப் போகிறது, ஆறு கடலுக்குப் போகிறது. உள்ளூரில் ஓடிவரும் தெற்கு வெள்ளாறும் மணமேல்குடிப் பக்கம்தான் கடலில் சேருகிறது. ஆகவே இது கடலோரக் குழுக்களின் பாடம் மட்டும் அல்ல.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

நோய்க்கிருமிகள் பல வகை. எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மனிதர், கால்நடைகளின் குடலில் வாழும் 'மலக் கோலிஃபார்ம்' என்ற கிருமியை எண்ணுகிறார்கள். அது இருந்தால் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுப்படி, குளிக்கும் கடல் நீரில் 100 மில்லிக்கு 100-க்கு மேல் இது இருக்கக் கூடாது.

கிருமி நீக்கிய பாட்டிலைத் தண்ணீருக்குள் ஒரு அடி ஆழத்தில் திறந்து பிடிக்கிறார்கள். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கிறார்கள். அங்கே கிருமியை வளரவிட்டு எண்ணுகிறார்கள். 2021-ல் 'நீலக்கொடி' சான்று பெற்ற செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் கடற்கரையை நாம் கேள்விப்பட்டிருப்போம். அந்தச் சான்றின் விதிப்படி, குளிக்கும் காலத்தில் மாதம் ஒரு முறையாவது தண்ணீரைச் சோதிக்க வேண்டும். முடிவை மக்கள் பார்க்கும்படி பலகையில் போட வேண்டும்.

முன்கூட்டியே சொல்ல முடியுமா?

இங்கேதான் ஒரு சிக்கல். கிருமி வளர்ந்து எண்ணிக்கை தெரிய ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். "தண்ணீர் கெட்டிருந்தது" என்று முடிவு வரும்போது நாம் குளித்து வீட்டுக்கே வந்திருப்போம்.

கருவாடு காயப்போட்ட அக்கா என்ன செய்கிறார்? மேகம் கறுத்ததுமே வாரி எடுக்கிறார். நனைந்த பிறகா எடுப்பார்? கடல் தண்ணீருக்கும் அதே வழிதான். எவ்வளவு மழை, காற்று எந்தப் பக்கம், கடல் ஏறுகிறதா வற்றுகிறதா, தண்ணீர் எவ்வளவு கலங்கல் என்று பல வருடம் குறித்து வைக்கிறார்கள். அதைச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், இன்று தண்ணீர் எப்படி இருக்கும் என்று காலையிலேயே சொல்லிவிடலாம். இங்கிலாந்திலும் ஹாங்காங்கிலும் இப்படிச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மழை பெய்தால் மூன்று நாள் கடலில் இறங்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. கடலோரத் தண்ணீரைச் சோதிக்கும் அரசுத் திட்டம் 1990-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தது. இப்போது அதைச் சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. மீன் கிடைக்கும் இடமும் அலை உயரமும் சொல்லும் ஐதராபாத் 'இன்காய்ஸ்' நிறுவனம், கொச்சி, விசாகப்பட்டினம் கடலில் மிதவை நிறுத்தித் தண்ணீரின் தரத்தைக் கவனிக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

1. பலத்த மழைக்குப் பின் மூன்று நாள் கடலில் குளிக்க வேண்டாம். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

2. வாய்க்காலும் ஆறும் கடலில் சேரும் இடத்தில் எப்போதுமே குளிக்க வேண்டாம். தள்ளிப் போய்க் குளிப்போம்.

3. தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. கலங்கலோ நாற்றமோ இருந்தால் இறங்கவே வேண்டாம்.

4. கடல் தண்ணீரை வாயில் கொப்பளிக்க வேண்டாம். காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். குளித்து வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுவோம்.

5. வேலைக்காகத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற சகோதரிகள் புண்ணை மூடிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

6. செப்டிக் டேங்க் கழிவை வாய்க்காலில் விடுவதை நம் தெருவிலேயே நிறுத்துவோம்.

அக்டோபர் 2 கிராம சபை மழைக்கு முன்னால் வருகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மணமேல்குடி கோடியக்கரையில் ஊரே கூடி முழுகுகிறது. அந்த நாட்களுக்கு முன் தண்ணீரைச் சோதித்து முடிவைப் பலகையில் எழுதுங்கள் என்று அந்தச் சபையிலேயே தீர்மானம் கேட்போம். 1991-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்ற மாவட்டம் நம்முடையது. பலகையில் ஒரு எண்ணை எழுதச் சொல்லிக் கேட்கவும், எழுதியதைப் படிக்கவும் நமக்கா தெரியாது?

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊர்ச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேருகிறது? அது எங்கே போய் முடிகிறது?

• நாம் வழக்கமாகக் குளிக்கும் இடம் முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரம்?

• மழை பெய்த நாளையும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த நாளையும் குழு நோட்டில் குறித்து வைக்க யார் பொறுப்பு?