படகு கட்டினோம், மிதத்தல் விதி படித்தோம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பாய்மங்கள்’ பாடத்தை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி கேட்பேன். “இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது. ஏன்?” விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கும் மாணவர்கள்கூட இதற்கு விடை சொல்லத் தடுமாறுவார்கள். இத்தனைக்கும் எங்கள் பள்ளி கடலோரக் கிராமத்தில் இருக்கிறது. பாதிப் பிள்ளைகளின் வீட்டுப் பிழைப்பே படகுதான். வீட்டில் தெரிந்தது பள்ளியில் ஏன் தெரியாமல் போகிறது என்ற உறுத்தல் எனக்கு நெடுநாளாக உண்டு.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் மரப் படகு மாதிரித் தொகுப்பு ஒன்றை எனக்குப் பரிசளித்தார். தொடக்க நிலையினருக்கானது. லேசரால் வெட்டிய மெல்லிய மரத்துண்டுகள், வரைபடத் தாள்கள், ஆங்கிலக் குறிப்பேடு ஆகியவை அதில் இருந்தன. அதை வீட்டில் செய்து அலமாரியில் வைப்பதைவிட வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம் என்று தோன்றியது. மூன்று வாரங்கள், வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் நடந்த அந்த வேலையில் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

எந்தப் படகு?

தொகுப்பில் இருந்தது ‘டோரி’ என்னும் வகை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள கிராண்ட் பேங்க்ஸ் என்ற கடற்பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் காட் மீன் பிடிக்கப் பெரிதும் பயன்பட்ட துடுப்புப் படகு. ஸ்கூனர் எனப்படும் பாய்மரக் கப்பல்கள் இப்படகுகளைச் சுமந்துகொண்டு கடலுக்குச் செல்லும். அங்கே ஒருவர் அல்லது இருவராகப் படகில் இறங்கித் தூண்டில் கயிறு விட்டு மீன் பிடிப்பார்கள். உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால், கிண்ணங்களை அடுக்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாகக் கப்பலின் மேல்தளத்தில் அடுக்கிவிடலாம். தட்டையான அடிப்பகுதியும் வெளிப்புறம் விரிந்த பக்கங்களும் அதற்கு வசதி.

வரைபடத்தைப் பார்த்ததும் ஒரு மாணவி, “சார், ஏரா இல்லையே?” என்றாள். அடிமரத்துக்கு எங்கள் ஊரில் வழங்கும் சொல் அது. முன்பகுதியை அணியம் என்றும், விலா எலும்புபோல உள்ள சட்டங்களை வங்கு என்றும் பிள்ளைகளே சொன்னார்கள். கரும்பலகையில் படம் வரைந்து, அவர்கள் சொன்ன பெயர்களையே பாகங்களுக்கு எழுதினேன். அன்றைக்கு ஆசிரியர் நான் அல்லன்.

தேவையானவை

தொகுப்பைத் தவிர நாங்கள் பயன்படுத்தியவை: மரத்துக்கான வெள்ளைப் பசை, உப்புத்தாள், துணி உலர்த்தும் கிளிப்புகள் இருபது, கட்டர் கத்தி, அளவுகோல், வெதுவெதுப்பான நீர், வார்னிஷ். கட்டர் கத்தியை நான் மட்டுமே கையாண்டேன். வார்னிஷ் பூசும் வேலையைத் திறந்த தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டோம்.

தொகுப்பு ஒன்று, மாணவர்கள் முப்பத்திரண்டு பேர். எனவே பசை தடவுமுன் ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வைத்து அச்சு எடுத்துக்கொண்டோம். நான்கு குழுக்கள் அந்த அளவில் அட்டைப் படகு செய்தன. மரப் படகில் நாளுக்கொரு குழு வேலை செய்தது.

செய்முறை

1. துண்டுகளை எண் பார்த்துப் பிரித்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்தோம்.

2. தாங்கு பலகையில் வங்குகளைத் தலைகீழாக நிறுத்தினோம். டோரியைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்ட வேண்டும். ஒவ்வொரு வங்கும் நேராக நிற்கிறதா என்று அட்டையில் வெட்டிய செங்கோண முக்கோணத்தால் சரிபார்த்தோம்.

3. வங்குகளின் மேல் அடிப்பலகையை ஒட்டி, அணியத்தில் முன்கட்டையையும் பின்னால் குறுகலான பின்பலகையையும் பொருத்தினோம்.

4. பக்கப்பலகைகளை அடியிலிருந்து தொடங்கி, இடம் வலம் மாறி மாறி ஒட்டினோம். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் படகு முறுக்கிக்கொள்ளும். ஓடு வேய்வதுபோல ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் சற்று ஏறி உட்கார வேண்டும்.

5. நிமிர்த்தி, உட்காரும் பலகைகளைப் பொருத்தி, உள்ளும் புறமும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தோம். சாதாரண வெள்ளைப் பசை நீரில் இளகும். வார்னிஷ் நன்றாகக் காய்வதற்கு முன் படகைத் தண்ணீரில் விடக் கூடாது.

நான் செய்த இரண்டு தவறுகள்

முதல் பக்கப்பலகையை நானே எடுத்து ஒட்டினேன். மாணவர்கள் உடைத்துவிடுவார்களோ என்ற பயம். அணியத்தின் வளைவுக்கு அழுத்தியதும் பலகை ‘பட்’டென்று விரிந்தது. வகுப்பே அமைதியானது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், “நனைக்காம வளைச்சா எப்படி சார் வளையும்?” என்றான். அவனுடைய தாத்தா மரப் படகு கட்டிய ஓடாவி. வாசிக்கத் திணறுவான் என்பதால் நான் அதிகம் கேள்வி கேட்காமல் விட்டுவைத்திருந்த பையன் அவன்.

அவன் சொன்னபடியே அடுத்த பலகைகளை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, வளைத்துக் கிளிப் போட்டு, இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் ஒட்டினோம். ஒன்றுகூட உடையவில்லை. விரிசல் கண்ட பலகையின் உட்புறம் பசையுடன் ஒட்டுத்துண்டு வைத்துச் சரிசெய்தோம்.

அதன்பின் குறிப்பேட்டின் படங்களைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் பொறுப்பை அவனிடமே கொடுத்தேன். படங்களை அவன் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டான். அன்றன்று செய்த வேலையை ‘படகுக் குறிப்பேடு’ என்ற நோட்டில் எழுதும் முறை அவனுக்கு வந்தபோது மூன்று வரி எழுதினான். பிழைகள் இருந்தன. ஆனால், அவன் பிறரைப் பார்த்து எழுதாத முதல் மூன்று வரிகள் அவை. அவனுடைய வாசிப்புச் சிக்கல் இதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்பது இப்போது எனக்குத் தெரியும்.

இரண்டாவது தவறைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மரப் படகின் அருகில் எப்போதும் மாணவர்களே இருந்தார்கள். மாணவிகள் கிளிப் எடுத்துக் கொடுப்பதும் மேசை துடைப்பதுமாக இருந்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், தடுக்கவும் இல்லை. மறுவாரம் முதல் வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். மேல் வரிசைப் பலகைகளை ஒட்டியவர்கள் மாணவிகள்தாம். படகில் இடுக்கில்லாமல் அமைந்த பகுதியும் அதுவே.

நீரில் விட்டபோது

படகின் நீளம் 25 சென்டிமீட்டர், எடை 16 கிராம். அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் விட்டதும் வலப்புறம் சாய்ந்தது. காரணம் என்ன என்று கேட்டேன். ஒட்டுத்துண்டும் கூடுதல் பசையும் இருந்த பக்கம் அது என்று கண்டுபிடித்தார்கள். இடப்புறம் சிறு களிமண் உருண்டை வைத்ததும் நிமிர்ந்தது. ஈர்ப்பு மையம் பற்றி அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஆய்வகத்தின் 10 கிராம் எடைக்கற்களை ஒவ்வொன்றாக அடியில் வைத்து, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தோம். முதல் கல்லுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அமிழ்ந்த படகு, ஐந்தாவது கல்லுக்கு 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே அமிழ்ந்தது. அதே 10 கிராம்தானே, ஏன் இந்த வேறுபாடு? பக்கங்கள் மேலே போகப் போக விரிவதால், குறைவாக அமிழ்ந்தாலே 10 கிராம் நீரை விலக்கிவிட முடிகிறது. விலக்கப்பட்ட நீரின் எடை, மிதக்கும் பொருளின் எடைக்குச் சமம் என்ற விதியை இவ்வாறு அவர்களே வந்தடைந்தார்கள். இரும்புக் கப்பல் கேள்விக்கும் அன்றுதான் விடை கிடைத்தது. ஆணியின் கன அளவு சிறிது. அது விலக்கும் நீரும் சிறிது. அதே இரும்பை உள்ளீடற்ற கப்பலாக்கினால், தன் எடைக்கு ஈடான நீரை விலக்க இடம் கிடைக்கிறது.

அடுத்து, அதே ஐந்து கற்களை உட்காரும் பலகைகளின்மேல் வைத்தோம். தொட்டியைத் தொட்டதும் படகு கவிழ்ந்தது. எடை ஒன்றுதான், இடம்தான் மாறியது. “அதனாலதான் அப்பா படகுல எந்திரிச்சு நிக்காதேன்னு திட்டுவாரு” என்றாள் ஒருத்தி.

கணக்குப் பாடத்துக்கு

மாதிரியின் அளவு விகிதம் 1:24. அப்படியானால் உண்மைப் படகின் நீளம் 6 மீட்டர். இது எளிது. மாதிரி 50 கிராம் சுமந்தால் உண்மைப் படகு அதே அளவு அமிழ்ந்து எவ்வளவு சுமக்கும்? பலரும் 50-ஐ 24ஆல் பெருக்கி 1,200 கிராம் என்றார்கள். ஆறு மீட்டர்ப் படகு ஒன்றே கால் கிலோகூடத் தாங்காதா என்று அவர்களே சிரித்தார்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 24 மடங்கு ஆவதால் கன அளவு 24 × 24 × 24, அதாவது 13,824 மடங்கு. விடை 691 கிலோ. அடர்த்தி மிகுந்த கடல்நீரில் இன்னும் சற்றுக் கூடும்.

தொகுப்பு இல்லாமலும் செய்யலாம்

தொகுப்பு கட்டாயமன்று. எங்கள் அட்டைப் படகுகளின் உள்ளும் புறமும் மெழுகு தடவி நீரில் விட்டோம். சுமை சோதனைகள் அனைத்தையும் அவற்றிலும் செய்ய முடிந்தது. ஆனால், மரம் வளைவதையும் விரிவதையும் அட்டையில் காட்ட முடியாது. ஐஸ்கிரீம் குச்சிகளை ஊறவைத்து வளைத்தால் அந்தக் குறையும் ஓரளவு தீரும்.

முயல விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். முதல் பலகையை மாணவர்களிடமே கொடுங்கள். உடைந்தால் உடையட்டும், ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் படகு இன்னும் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. ஒட்டுப் போட்ட பக்கத்தை வெளியே தெரியும்படி வைத்திருக்கிறோம்.