வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டப் போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

முல்லார்டு 5-10 ஆம்ப்ளிஃபயரை அச்சு அசலாகக் கட்டப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். ஒரகடம் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கடுகிலும் சிறிய கெபாசிட்டர்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, கையில் எடுத்துப் பார்க்க முடிகிற ஒரு சர்க்யூட்மேல் ஆசை வந்தது நியாயம்தான்.

5-10 என்றால் ஐந்து வால்வு, பத்து வாட். பிரிட்டனின் முல்லார்டு கம்பெனி தன் வால்வுகள் விற்க வேண்டும் என்று 1950களில் வெளியிட்ட டிசைன் அது. பிறர் பார்த்துக் கட்டுவதற்கென்றே வந்ததால் நகலெடுக்கத் தயங்க வேண்டாம். வால்வுக்கும் வெளிநாட்டையே பார்க்க வேண்டியதில்லை. உன் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுக்கொண்டு போகும் நெடுஞ்சாலை பெங்களூருவுக்குத்தான் போகிறது. அங்கே ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. அதன் 'பெல்' முத்திரை போட்ட, 5-10க்கு வேண்டிய EL84, ECC83 இன்றும் பழைய சரக்கில் அகப்படும். ஆனால் ஓடுகிற பழைய ரேடியோவையோ மைக் செட்டையோ வால்வுக்காகப் பிரித்துவிடாதே. அதை நான் பாவம் என்றே நினைக்கிறேன்.

முதலில் 5-10ஐத் தொடாமல், ஒரே ஒரு EL84 வைத்து ஐந்து வாட்டில் ஒன்று கட்டு. வால்வின் டேட்டா ஷீட் சொல்வது இது: ஆனோடிலும் ஸ்கிரீனிலும் 250 வோல்ட், ஆனோடு கரண்ட் 48 மில்லி ஆம்பியர், ஸ்கிரீன் கரண்ட் 5.5, கிரிட் மைனஸ் 7.3 வோல்ட். இரண்டு கரண்டும் கேத்தோடு ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். 7.3ஐ 53.5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 136 ஓம். ஷீட்டில் 135 என்று போட்டிருப்பார்கள். கட்டி முடித்ததும் அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வை. 7.3க்குப் பக்கத்தில் நின்றால் வால்வு நிம்மதியாக இருக்கிறது. 10 காட்டினால் 74 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 12 வாட் மட்டுமே தாங்கும் ஆனோடு சிவந்து பழுக்கும். உடனே அணை. பெரும்பாலும் முந்தைய ஸ்டேஜிலிருந்து வரும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து, கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறியிருக்கும்.

அதனால்தான் அந்தக் காலத்துப் பேப்பர் கெபாசிட்டரைத் தேடி அலைய வேண்டாம் என்கிறேன். புதிய பாலிப்ரொப்பிலீன் போடு. அசலுக்கு உண்மையாக இருக்க வேண்டிய இடம் இந்த வோல்டேஜ்களும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும்தான். பெட்டியின் பெயின்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபார்மரில் கஞ்சத்தனம் கூடாது. EL84 கேட்கும் லோடு 5,200 ஓம். உன் ஸ்பீக்கர் 8 ஓம். வகுத்தால் 650, அதன் வர்க்கமூலம் சுமார் 25.5. அதுதான் சுற்றுகளின் விகிதம். வைண்டிங் கடைக்காரரிடம் இதோடு இன்னொன்றையும் எழுதியே கொடு. பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பழகிய கை, E தகட்டையும் I தகட்டையும் ஒன்றுவிட்டு ஒன்று திசைமாற்றி அடுக்கும். உன்னுடையதில் 48 மில்லி ஆம்பியர் டிசி எப்போதும் ஒரே திசையில் ஓடுவதால் அப்படி அடுக்கினால் இரும்பு காந்தத்தில் திணறி, பேஸ் செத்துவிடும். E எல்லாம் ஒரு பக்கம், I எல்லாம் மறுபக்கம், நடுவே மெல்லிய காகித இடைவெளி. 5-10இல் இரண்டு EL84 எதிரெதிராக இழுப்பதால் டிசி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அங்கே இடைவெளி வேண்டாம்.

வயரிங்கில் உன் லைன் பழக்கம் சிலவற்றை விட வேண்டும். அங்கே சோல்டர்தான் பாகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இங்கே வயரை டேக்கில் கொக்கி போட்டு இறுக்கிய பிறகே சோல்டர். ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் வயர் இரண்டையும் முறுக்கி, சேசிஸ் மூலையை ஒட்டிக் கொண்டுபோ. கிரிட் பக்கம் அண்டினால் ஹம் வரும்.

கையில் கட்டும் ஸ்டாட்டிக் பட்டையை இந்த மேஜைக்கு வரும்போது கழற்றிவிடு. சிப்பைக் காப்பாற்ற அது கையை எர்த் செய்கிறது. 300 வோல்ட் பக்கத்தில் எர்த் ஆன கை, கரண்டுக்கு வழி. மோதிரம், வளையலும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதற்குக் குறுக்கே ஒரு பிளீடர் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போடு. தொடுமுன் மீட்டர் வைத்துப் பார். பழைய செட்டுகள் பலவற்றில் எர்த் வயரே கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் பழமையைப் பின்பற்றாதே: மூன்று பின் பிளக், சேசிஸுக்கு எர்த், லைனில் ஃபியூஸ்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சரி. பளீரென்றே நின்றால் எங்கோ ஷார்ட். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு வந்ததும், உனக்கு எந்த ஞாயிறு ஷிஃப்ட் இல்லை என்று எழுது. நான் வரும்வரை பிளக்கைச் சொருகாதே.

அன்புடன்,
சித்தப்பா