குஞ்சுப் பெட்டிக்கு எந்தச் சூடு?

ஓ.எல். பரீட்சை முடிந்ததும் எங்கள் தோட்டப் பிள்ளைகள் சிலர் கோழி வளர்க்கத் தொடங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இறக்குவானை, காவத்தைப் பக்கத்து லயங்களில் நான் காணும் குஞ்சுப் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு: பலகையால் அடித்த பெட்டி, நடுவில் 250 வாட் சிவப்பு பல்ப். ஏன் இதைப் போட்டாய் என்று கேட்டால், "மேல் டிவிசன்ல எல்லாரும் இதுதான் போடுறாங்க சேர்" என்கிறான் ஒருவன். "அப்பா டவுன்ல வாங்கிட்டு வந்துட்டாரு" என்கிறாள் இன்னொருத்தி. பெட்டி எவ்வளவு பெரியது, குஞ்சு எத்தனை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பொரித்த குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் அது நிற்கும் மட்டத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைத்து வந்தால், இறகு முளைத்த பின் சூடே தேவைப்படாது. இனி நம் ஊரைப் பாருங்கள். இரத்தினபுரியில் வெயில் நாளில் நண்பகல் வெப்பம் 31, 32 பாகையைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூடும். இரவில் 22, 23க்கு இறங்கும். ஆகவே நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரவுச் சூடும் மழைநாள் சூடுமே. மேட்டு நிலமான பலாங்கொடைப் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

லாந்தர், கரிச்சட்டி, சாதாரண பல்ப் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. சிரட்டைக்கரியை அடைத்த காம்பராவுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதன் கார்பன் மொனொக்சைட் வாயு குஞ்சை மட்டுமல்ல, பக்கத்தில் தூங்கும் மனிதரையும் கொல்லும். லாந்தர் காற்றோட்டமான இஸ்தோப்பில் என்றால் சரி, ஆனால் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதை மறந்துவிட வேண்டாம். பாம்பும் பல்லியும் வளர்க்கும் வெளிநாட்டார் வெளிச்சமில்லாத செராமிக் சூடாக்கியைத் தெர்மோஸ்டாட்டோடு பொருத்துகிறார்கள். அது நல்ல பொருள், ஆனால் நம் கைக்கு எட்டுவது கடினம். அவர்களிடம் கற்க வேண்டியது வேறொன்று: பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்க வேண்டும். வேண்டிய இடத்தைப் பிராணியே தேடிப் போகும்.

அந்தச் சிவப்பு பல்ப் கெடுப்பது இதைத்தான். அது எழுபத்தைந்து, நூறு குஞ்சுள்ள பெரிய கூட்டுக்கானது. தரையிலிருந்து 45 சென்றிமீற்றர் உயரத்திலாவது தொங்க வேண்டும். நம் பெட்டியின் மொத்த உயரமே அவ்வளவுதான். இருபது குஞ்சுகளின் தலைக்கு மேல் அதைத் தொங்கவிட்டால் பெட்டி முழுவதும் அடுப்பாகிவிடும். குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சிரைத்து, சிறகை விரித்து, மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் தண்ணீர் வற்றிச் சாகும்போது, "நோய் வந்துவிட்டது" என்று மருந்து தேடி ஓடுகிறார்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தச் சூட்டில் உருகும். பல்ப் அறுந்து காய்ந்த மரச்சீவல் மேல் விழுந்தால் தீ. வரிசையாக ஒட்டிய லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ அங்கேயே நிற்பதில்லை.

செலவையும் கணக்குப் பாருங்கள். 250 வாட் பல்ப் நாள் முழுவதும் எரிந்தால் 6 அலகு. பத்து நாளில் 60. மின் கட்டணம் அலகு ஏற ஏறப் படிப்படியாக உயரும் நாட்டில், அம்மா கொழுந்து பறித்த கூலியில் ஒரு பங்கு அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கே போய்விடும். 60 வாட் இழை பல்ப் என்றால் நாளுக்கு ஒன்றரை அலகுகூட இல்லை. பெட்டியின் ஒரு பக்கத்தில், பீங்கான் ஹோல்டரில், சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள். இருபது, இருபத்தைந்து குஞ்சுக்குப் போதும். எல்.ஈ.டி. பல்ப் வேண்டாம். அது வெளிச்சம் தரும், சூடு தராது. மின்சாரம் போனால் போத்தல்களில் சுடுநீர் நிரப்பி, சாக்கில் சுற்றி உள்ளே வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்டில் இந்த ஏற்பாடு இல்லாமல் குஞ்சு இறக்கக் கூடாது.

பத்துப் பன்னிரண்டு குஞ்சுதான் என்றால் என் விருப்பம் அடைக்கோழி. தாய்க்கோழியின் செட்டைக்குள் குஞ்சு வளர்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு. அதன் உடம்பு 41 பாகை, மின் கட்டணம் கிடையாது, சூடு கூடினால் குஞ்சே வெளியே வந்துவிடும். முதலில் கோழிக்குப் பேன் பார்த்து, இருட்டிய பிறகு குஞ்சுகளை மெதுவாக அடியில் விடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கூட்டைச் சுற்றி அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள், இங்கே சாரைப்பாம்பு அதிகம்.

எதைத் தேர்ந்தாலும் வெப்பமானிக்கு முன் குஞ்சைப் பாருங்கள். பல்ப்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர். விலகி ஓடினால் சூடு. ஒரு பக்கமாக ஒதுங்கினால் எங்கோ காற்று புகுகிறது. பரவிப் படுத்து அமைதியாக இருந்தால் எல்லாம் சரி. நடுச்சாமத்தில் எழுந்து இதைப் பார்க்கும் பிள்ளைக்கு எந்தப் பெட்டியும் கைகொடுக்கும். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, அது குற்றமுமல்ல. மரக்கறி நாற்று வளர்ப்பதிலோ தையலிலோ கை திரும்பும் பிள்ளையிடம் கோழியைத் திணிப்பது, படிப்பில் விருப்பமில்லாத பாடத்தைத் திணிப்பதற்கு ஒப்பானது. விருப்பமுள்ள பிள்ளையும் முதல் தடவையே நூறு குஞ்சில் இறங்க வேண்டாம். ஒரு தொகுதியை முழுதாக வளர்த்துப் பழகினால் கை தானாக வரும்.

பெற்றோரே, டவுனுக்குப் போய் பல்ப் வாங்கும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் சரி என்றால், ஓர் அடைக்கோழியும் பத்துக் குஞ்சும் வாங்கிக் கொடுங்கள்.