நின்ற இடத்திலேயே நில்

கேமரா வாங்கிய கையோடு வந்து, காலம் நகர்வதைப் படமெடுக்க எங்கே போகலாம் என்று கேட்டாய். பெங்களூரில் இருந்துகொண்டு அதற்காக எங்கும் போகவேண்டாம், கண்ணு. நீ சும்மா நின்றாலே போதும், ஊர் உன்னைக் கடந்து ஓடும். அல்சூரில் ஸ்டூடியோ வைத்துக் கிழவனானவன் சொல்கிறேன். கேட்டுக்கொள், பிறகு உன் இஷ்டம்.

1. வீட்டுக்குப் பக்கத்தில் ஓரிடம் பார். பால் வாங்கப் போகிற வழியோ பஸ்ஸுக்கு நிற்கிற முனையோ எதுவானாலும் சரி, போக அலுக்காத தூரமாக இருக்கட்டும். என்னிடம் தொழில் பழகிய பையன் ஒருவன் நந்தி மலையில் சூரிய உதயத்தை மாதாமாதம் எடுக்கப்போவதாகக் கிளம்பினான். மழை பிடித்ததும் விட்டுவிட்டான். அவனைவிடக் கைத்திறன் குறைந்த இன்னொருவன் தெருமுனை இஸ்திரி வண்டியையே எடுத்துக்கொண்டிருந்தான். கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்தது, வண்டியின் பக்கவாட்டில் க்யூஆர் அட்டை ஒட்டப்பட்டது, தேய்க்கிறவர் மீசை வெளுத்தது. இன்று அந்தப் படங்களைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

2. முதல் தடவை நின்ற இடத்திலேயே மறுதடவையும் நில். அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி 1856 வாக்கில் ஹம்பியின் இடிபாடுகளைப் பெரிய மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் எடுத்தார். 1983-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் காலிங்ஸ் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, கிரீன்லா நின்ற இடங்களைத் தேடிப்பிடித்து, அதே கோணத்தில் மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். விட்டலர் கோயில் கல்தேரின் தலையில் அன்று செங்கல் கோபுரம் இருந்தது. இன்று இல்லை. உன் பையில் ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பார், அதிலும் மொட்டைத் தேர்தான். இன்னொருவன் நின்ற கோணத்தில் போய் நிற்க, தன் கைவண்ணத்தைக் காட்டும் ஆசையைக் கொஞ்சம் அடக்கவேண்டும். இளம் வயதில் அது கஷ்டம்தான்.

நடைபாதைக் கல், கம்பத்தின் எண், கேமராவின் உயரம், எந்த லென்ஸ், எத்தனை மணி என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவை. ஜனவரி மாத ஐந்து மணி நிழலும் ஜூன் மாத ஐந்து மணி நிழலும் ஒன்றல்ல. படச்சட்டத்தின் ஒரு மூலையில் அசையாத பொருள் ஒன்று இருக்கட்டும். இந்த ஊரில் அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. லால்பாக் பாறையை நம்பலாம். ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டுகளாக அங்கேதான் கிடக்கிறது.

3. சாவு வீட்டுக்கு முந்திப்போகும் புகைப்படக்காரனாக ஆகிவிடாதே. எம்.ஜி. ரோட்டில் இந்தியா காபி ஹவுஸ் 2009-இல் மூடப்போகிறது என்று தெரிந்ததும் எவ்வளவு கேமராக்கள்! தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள் வாழ்நாளில் அத்தனை படத்துக்கு நின்றிருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பாதி மேஜை காலியாக, யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததை எடுத்தவர் எத்தனை பேர்? சாலைக்கு எதிர்ப்புறம் மர நிழலில் நடைபாதை இருந்தது. மெட்ரோவுக்காக அதை வெட்டிய பிறகு அதன் பழைய படங்களுக்கு ஊரே அலைந்தது. பிளாசா தியேட்டருக்கும் அதே கதை. இருக்கும்போது யாரும் சீந்தாத எதுவோ, அதைத் தேடி எடு.

4. பெங்களூர் மரங்கள் தேதி சொல்லும். ஒன்று உதிர்க்கும்போது இன்னொன்று பூக்கும்படி சாலை மரங்களைத் திட்டமிட்டவர் என்று ஜெர்மன் தோட்டக்கலைஞர் கிரும்பீகலின் பெயரைச் சொல்வார்கள். குளிர் விடும்போது இளஞ்சிவப்பு டபேபுயா, அடுத்து ஊதா ஜகரண்டா, வெயில் ஏறினால் குல்மொஹர். பூத்த வாரத்தில் கப்பன் பார்க்கில் கால் வைக்க இடமிருக்காது. நீ மற்ற மாதங்களிலும் போ. மொட்டைக் கிளை, தூசி படிந்த இலை, கிளையில் சிக்கிய பட்டம், எல்லாம் வரிசையில் இருந்தால்தான் அந்தப் பூவுக்கு அர்த்தம்.

5. ஒன்றும் நடக்காத நாளையும் எடு. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் நம் திருவள்ளுவர் சிலை 1991-இல் வைக்கப்பட்டது. திறக்கமுடியாமல் தகராறு. பதினெட்டு ஆண்டுகள் மூடியே நின்றார் ஐயன். 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் வந்து திறந்தபோது எடுத்த படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. அந்தப் பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் அங்கே ஒரு மூட்டை நிற்பதாகவே நினைத்து வளர்ந்திருப்பார்கள். அந்த மூட்டையை, வெயிலிலும் மழையிலும், ஆண்டுக்கு ஒரு படமாவது எடுத்தவர் இருந்தால் அவர் வீட்டுக்குப் போய் நான் கும்பிட்டுவிட்டு வருவேன். திறந்த நிமிஷத்தைவிடக் காத்திருந்த காலம்தான் நீளம், இல்லையா?

6. 1838-இல் பாரிஸில் டாகேர் என்ற புகைப்பட முன்னோடி ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். வெளிச்சம் பதிய நிமிஷக்கணக்கில் பிடித்த காலம் அது. வண்டிகளும் நடந்துபோனவர்களும் பதியவே இல்லை. காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் படத்தில் தெளிவாக விழுந்தார். உன் கேமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் பிடிக்கும், ஆனாலும் மனிதர்கள் விஷயத்தில் இந்தப் பாடம் மாறவில்லை. நின்று பேசு. பெயர் கேள். எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு எடு. அடுத்த முறை பிரிண்டைக் கொண்டுபோய்க் கையில் கொடு. ரஸ்ஸல் மார்க்கெட் பூக்காரம்மாவுக்கு நீ ஒரு படம் கடன்பட்டிருந்தால் அங்கே மறுபடி போகத்தானே வேண்டும்?

7. வீட்டையும் விட்டுவிடாதே. நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கர் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுக்கு ஒரு படமாக, அதே வரிசையில் நிற்கவைத்து எடுத்தார். நீயும் பொங்கலன்று வாசலில் எல்லோரையும் நிறுத்து. சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாத ஆண்டு வரும், அப்போதும் நிறுத்து. ஒருவர் இல்லாமல் போகிற ஆண்டும் வரும். அந்த இடத்தை நெருக்கி மூடாதே, அப்படியே விட்டு எடு.

8. அலுப்பான வேலையில்தான் ஆளைத் தெரியும். பிரிண்டை அலசப் பொறுமையில்லாதவன் போட்ட படம் ஹைப்போ ரசாயனம் தங்கி ஆண்டுகள் போகப்போக மஞ்சளாகிவிடும். வாடிக்கையாளர் வாங்கிப்போகும்போது நன்றாக அலசியதும் அலசாததும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். உன் காலத்தில் அலசல் வேலை வேறு: தேதி, இடம், பெயர் எழுதுவது, இரண்டு இடங்களில் பிரதி வைப்பது. பிரிண்டின் பின்னால் மெத்தென்ற பென்சிலால் எழுது. பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். வாட்ஸப்பில் வந்த படத்தை மூலப்பிரதி என்று நம்பாதே. எடுத்த தேதியை அது உதறிவிட்டுத்தான் கொடுக்கும்.

9. பழசுக்காக அழுகிற கூட்டத்தில் ரொம்ப நேரம் உட்காராதே. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. ஏரி போனதற்கு நீ வருந்து, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மெஜஸ்டிக்கில் தர்மபுரி பஸ்ஸிலிருந்து முதன்முதலாக இறங்கியவனுக்கு அந்த நிலையமே இளமை. மெட்ரோ தூணை நீ அசிங்கம் என்று சட்டத்துக்கு வெளியே தள்ளினால், அதன் கீழ் காதலித்தவர்களின் பெங்களூரைத் தள்ளுகிறாய்.

10. ஓர் ஆண்டு கழித்து, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் உன் அத்தை முன்னால் வை. எதுவும் விளக்காதே. நீ கட்டடத்தைப் பார்த்திருப்பாய், அவள், "இந்தக் கேட்டுக்கு எப்போ பச்சை பெயின்ட் அடிச்சாங்க? அந்த மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்களா?" என்பாள். அதையும் நோட்டில் எழுதிக்கொள். அடுத்த மாதம் போகும்போது அந்தக் கேட்டும் சட்டத்துக்குள் வரும்படி நில்.