ஊகப் போட்டியும் புள்ளிக் கணக்கும்

2024 ஆகஸ்டு 4ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரிட்டனும் ஹாக்கிக் கால் இறுதியில் மோதின. அதே மாலையில் நம் விடுதி மெஸ்ஸிலும் ஒரு மோதல் நிகழ்ந்தது. கால் இறுதி முதல் இறுதி ஆட்டம் வரையுள்ள 8 ஆட்டங்களுக்குச் சங்கத்து நண்பர்கள் சிலர் ஊகப் போட்டி ஒன்று வைத்திருந்தோம். ஆட்டம் தொடங்குமுன் அவரவர் ஊகத்தைச் சீட்டில் எழுதித் தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். காசு வைத்து ஆடுவதில்லை. கடைசியில் நிற்பவர் அனைவருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும், அவ்வளவே.

ஒரு நண்பர் ‘இந்தியா வெல்லும்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘1-1, சமநிலை’ என்று எழுதியிருந்தார். இந்தியா இரண்டாம் கால்பகுதியிலேயே ஒருவரை இழந்து, 10 பேருடன் ஆடி, 60 நிமிட முடிவில் 1-1 என நின்றது; பின்னர் ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது. புள்ளி யாருக்கு? இருவரும் தமக்கே என்றனர். விதிகளை எழுதியவன் நான். ஷூட் அவுட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அன்றிரவு இருவரும் தனித்தனி மேசையில் அமர்ந்து உண்டனர்.

ஷூட் அவுட் அபூர்வமாக வருவது என்று நான் எண்ணியிருந்தது பிழை. 2023 சனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். குழு ஆட்டங்களுக்குப் பிறகு, பட்டத்துக்கும் பதக்கத்துக்குமாக நடந்த ஆட்டங்கள் 12. அவற்றுள் 6 ஷூட் அவுட்டில்தான் முடிந்தன. 3-1 என முன்னணியில் இருந்த இந்தியா நியூசிலாந்திடம் 3-3 என்றாகி வெளியேறியதும், ஜெர்மனி பெல்ஜியத்தை வென்று கோப்பை பெற்றதும் அப்படியே. அங்கே ஆட்டக்காரர் 23 மீட்டர்க் கோட்டிலிருந்து புறப்பட்டு, 8 விநாடிக்குள் கோல் காவலரை ஏமாற்ற வேண்டும். அது வேறொரு திறமை. 60 நிமிட ஆட்டத்தை ஊகித்தவர் அதையும் ஊகித்தார் என்று கொள்ள முடியாது. ஆகையால் கேள்வி ஒன்றாகவே இருக்கட்டும்: ஷூட் அவுட்டையும் சேர்த்து, முடிவில் வெல்பவர் யார்? கோல் எண்ணிக்கையைக் கேட்க விரும்பினால் அதற்குத் தனிச் சீட்டு வேண்டும்.

முழுப் பட்டியலையும் முதல் நாளே எழுதி வாங்குவதும் தவறு. டோக்கியோவில் தங்கம் பெற்ற பெல்ஜியமும் வெள்ளி பெற்ற ஆஸ்திரேலியாவும் பாரிஸில் ஒரே நாளில், கால் இறுதியிலேயே தோற்றன. அவற்றை நம்பி எழுதியவர்களுக்கு எஞ்சிய நாட்களில் என்ன சுவை இருக்கும்? சுற்றுக்குச் சுற்று புதிதாக எழுதச் சொல்லலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘யார் வெல்வார்’ என்று மட்டும் கேட்டால், உறுதியாக நம்புகிறவரும் அரை மனத்தோடு எழுதுகிறவரும் ஒரே புள்ளி பெறுகின்றனர். வானிலை முன்னறிவிப்பை மதிப்பிடுவதற்காக 1950இல் கிளென் பிரையர் என்பார் ஒரு முறையை வெளியிட்டார். அதை நம் மெஸ் மேசைக்கு ஏற்றவாறு சொல்கிறேன். ஓர் அணி வெல்லும் என்பதில் உமக்குள்ள நம்பிக்கையை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாக எழுதும். அது வென்றால், 10க்கு எவ்வளவு குறைவோ அதன் வர்க்கம் உமக்குத் தண்டம். தோற்றால் நீர் எழுதிய எண்ணின் வர்க்கமே தண்டம். குறைந்த தண்டம் உடையவரே வென்றவர்.

7 என்று எழுதினால் வெற்றிக்கு 9, தோல்விக்கு 49. 5 என்றால் எப்படியும் 25. 10 என்று எழுதித் தோற்றால் 100!

வீரம் பேசி 10 எழுதுவது இலாபமா என்று பார்ப்போம். பத்தில் ஏழு முறை வெல்லும் என்று உள்ளபடியே கருதுகிறீர். அத்தகைய 10 ஆட்டங்களில் 7 என்றே எழுதிவந்தால் தண்டம் 63 + 147 = 210. எப்போதும் 10 எழுதினால் 300. எப்போதும் 5 எழுதினால் 250. வேறு எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் 210க்குக் கீழே வராது. வகை நுண்கணிதம் அறிந்தவர்கள் ஒரே வரியில் நிறுவிவிடலாம். மற்றவர்கள் 6, 8 என்று போட்டுப் பார்க்கலாம். மனத்தில் உள்ளதை மறைக்காமல் எழுதுபவருக்கே இம்முறை சாதகம் செய்கிறது.

அரை இறுதிக்கு இரண்டு நாள் இருந்தது. அதற்குள் விதிகளை இவ்வாறு திருத்தி மெஸ் சுவரில் ஒட்டினேன். பழைய புள்ளிகளை இருவரின் சம்மதத்துடன் அழித்தோம். சம்மதம் பெறத்தான் கணக்கைவிட அதிக நேரம் பிடித்தது.

ஆகஸ்டு 6இல் ஜெர்மனி 3-2 என இந்தியாவை வென்றது. டப்பாவைத் திறந்தால், முன்பு ‘இந்தியா வெல்லும்’ என்று எழுதிய அதே நண்பரின் சீட்டில் 10! “கணக்கு விளங்கவில்லையா ஐயா?” என்றேன். “நன்றாக விளங்கிற்று. இந்தியாவுக்கு எதிராக 4 என்று எழுத என் கை வரவில்லை, தண்டம் போட்டுக்கொள்ளும்” என்றார். இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

இறுதி ஆட்டமும் 1-1தான். நெதர்லாந்து ஷூட் அவுட்டில் 2-1 என வென்றது. இம்முறை யாரும் புள்ளி கேட்டு வாதிடவில்லை. தேநீர் வாங்கித் தந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் கோப்பையை அவர் அந்த ‘1-1’ நண்பரின் முன்னால் வைத்துவிட்டு, அதே மேசையில் அமர்ந்தார்.