மோடத்தைப் பிடுங்கினால் விளக்கு எரியுமா?



2025-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அன்று பிற்பகல் 3 மணி வாக்கில், நம் வீடுகளில் விருந்தினருக்கு முறுக்கும் நெய் உருண்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் சர்வர் கூடங்களில் ஒரு கோளாறு. அங்கே அது விடியற்காலை. வாசல் கேமராக்கள் முடங்கின, அலெக்சா பதில் பேசவில்லை. ‘எயிட் ஸ்லீப்’ என்று ஒரு மெத்தை இருக்கிறது. சூட்டையும் குளிரையும் தானே கூட்டிக் குறைக்கும். அதில் படுத்திருந்த சிலர் சூட்டைக் குறைக்க வழியில்லாமல் தவித்தார்கள். மெத்தை வீட்டில், மின்சாரம் வீட்டில், ஆளும் மெத்தை மேல்தான் இருக்கிறார். “குறை” என்ற கட்டளை மட்டும் வெளியே போய்விட்டுத் திரும்பி வர வேண்டும்! இணையம் இல்லாமல் ப்ளூடூத் வழியாக இயக்கும் வசதியை அந்த நிறுவனம் அதற்குப் பிறகுதான் கொடுத்தது.

சிரிக்கலாம். ஆனால் ரவாங் வட்டாரத்தில் வயரிங்கும் கேமராவும் பொருத்திப் பிழைக்கிற எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. புதுத் தாமானில் சாவி வாங்கிய கையோடு பசங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்பது இதைத்தான்: “அண்ணே, எல்லாமே போன்லயே பண்ற மாதிரி போட்டுருங்க.” போட்டுத் தருகிறேன். போடுவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவேன். அந்தப் பேச்சுத்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் வேலை நடக்கும் விதம். நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டுகிறீர்கள், தலைக்கு மேல் விளக்கு எரிகிறது. நடுவில் என்ன நடந்தது? மலிவான சாதனங்கள் பலவற்றில், உங்கள் கட்டளை மோடம் வழியாக வெளிநாட்டில் இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. “இது இன்னார் விளக்கு, எரியட்டும்” என்று அது அனுமதி கொடுத்த பிறகு, அதே வழியாகத் திரும்பி வந்து விளக்கைத் தொடுகிறது. கிளவுட் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை, அது இன்னொருவருடைய கணினி. ஆக, கடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது பாதிச் சாமான். மறுபாதி அவர்கள் கையில்.

இங்கே நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலாயாவில் மின்சாரம் உற்பத்தியான வரலாறு நம் ரவாங்கில்தான் தொடங்குகிறது. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் பொருத்தி மின்பம்பு ஓட்டினார்கள். ஆமாம், பத்துமலைக் கோயிலை உருவாக்கிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். அந்த ஜெனரேட்டர் அவர்கள் சுரங்கத்திலேயே இருந்தது. கெட்டுப் போனால் அங்கேயே ஆள் வைத்துப் பார்க்கலாம். இன்று அதே ரவாங்கில், கார்போர்ச் விளக்கு எரிய எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டால்? கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. ‘ரிவால்வ்’ என்று ஒரு பெட்டி, அமெரிக்காவில் ஏறக்குறைய 300 டாலர். வாழ்நாள் சந்தா விலையிலேயே அடக்கம் என்று சொல்லி விற்றார்கள். 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே 15-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் அன்றிலிருந்து அது வெறும் டப்பா. யாருடைய வாழ்நாள் என்று வாங்கும்போது யாரும் கேட்கவில்லை போலும். ‘இன்ஸ்டியான்’ கதை இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வர் நின்றது. ஜூன் மாதம் வாடிக்கையாளர்களில் சிலர் சேர்ந்து அந்த நிறுவனத்தையே வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா?

இங்கேயும் பார்க்கிறேன். கூண்டாங் பக்கம் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் இணையத்தில் மூன்று கேமரா வாங்கி மாட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் போனை மாற்றினார். புதுப் போனில் அந்தச் செயலியைத் தேடினால் கிடைக்கவில்லை, விற்றவர் கடையும் காணோம். கேமராவில் பச்சை விளக்கு இன்னும் எரிகிறது, ஆனால் பார்க்க வேண்டிய மகனால் பார்க்க முடியவில்லை. “மகன் பார்த்துக்கிட்டுதான் இருக்கான்” என்ற தைரியத்தில் அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பயம் கொடுத்தது அதுதான்.

சொந்த மகன் பார்க்க முடியாதது ஒரு பக்கம். அந்நியன் பார்ப்பது இன்னொரு பக்கம். 2024 பிப்ரவரியில் ‘வைஸ்’ கேமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு மற்றவர் வீட்டுப் படங்கள் போய்ச் சேர்ந்தன. அமேசானின் ‘ரிங்’ நிறுவனத்தில் ஊழியர்களே வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறை வீடியோக்களைப் பார்த்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2023-இல் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அதை முடித்தார்கள். அதனால் பாட்டி படுத்திருக்கும் அறையில் கேமரா வைக்கச் சொன்னால், முதலில் பாட்டியைக் கேளுங்கள் என்பேன். வாசலுக்கும் கேட்டுக்கும் வைப்பது வேறு விஷயம்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? நானே விற்கிறவன், அப்படிச் சொல்வேனா! பார்த்து வாங்க வேண்டும். கேமரா என்றால் உள்ளேயே மெமரி கார்டு போட இடம் இருக்க வேண்டும். ‘ஆன்விஃப்’ முறைக்கு ஒத்துப்போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் செயலி போனாலும் வேறு ரெக்கார்டரில் இணைத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் பல்புக்குப் பதில் ஸ்மார்ட் சுவிட்ச் போடுங்கள், இணையம் இல்லாவிட்டாலும் கையால் தட்டலாம். 2022-இல் வந்த ‘மேட்டர்’ என்ற பொதுமுறையில் கட்டளை வீட்டுக்குள்ளேயே போய் வர முடியும். பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் பூட்டு என்றால் சாவித் துளை உள்ளதாக வாங்கி, ஒரு சாவியைச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மாதச் சந்தா கட்டாவிட்டால் எது எது நிற்கும் என்பதைக் கடைக்காரர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் விற்ற பிறகும் நியாயமான காலத்துக்குப் பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் கிடைக்க வேண்டும். வாங்கும்போதே “கிடைக்காது” என்று தெரிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. அதனால்தான் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்கிறேன். சர்வரை நிறுத்துவது இதில் அடங்குமா என்று வாதாட வேண்டியிருக்கும். அந்தச் சட்டம் வந்தபோது விளக்குக்கு வெளிநாட்டில் ஒரு முதலாளி இருப்பார் என்று யார் நினைத்தார்கள்? இருந்தாலும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிராளிக்கு ஒரு முகவரி வேண்டுமே! பத்து ரிங்கிட் மலிவு என்று ஊர் பேர் தெரியாத கடையில் வாங்கினால் யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வையுங்கள்.

இந்தச் சனிக்கிழமை வீட்டில் சொல்லிவிட்டு மோடத்தின் பிளக்கைப் பத்து நிமிடம் பிடுங்கி வையுங்கள். போனில் டேட்டாவையும் அடைத்துவிடுங்கள். கேட், விளக்கு, பூட்டு, கேமரா, ஏர்கான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எது நின்றது, எது ஓடியது என்று தாளில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். அப்பா அம்மா திட்டினால் என் பெயரைச் சொல்லலாம்.