பழைய சவரக்கத்தி: எதை எடுப்பது, எதை விடுவது

பழம்பொருள் விற்பவர் ஒரு சவரக்கத்தியை நீட்டும்போது முதலில் காட்டுவது அதில் பொறித்திருக்கும் பெயரைத்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் என்றோ ஜெர்மனியின் சோலிங்கன் என்றோ இருந்தால் விலை அங்கிருந்தே ஏறத் தொடங்கும். வாங்குகிறவர் பார்க்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது: முதலில் வாய், அடுத்து முதுகு, பெயர் கடைசியில். பெயர் ஊரையும் காலத்தையும் சொல்லும். முகத்தில் வைத்தால் வழிக்குமா என்பதை வாய்தான் சொல்லும்.

வாயைப் பார்க்க ஒரு விளக்கும் சிறு பூதக்கண்ணாடியும் போதும். கூர்ப்பக்கத்தை மேலே வைத்து, வெளிச்சம் அதன்மேல் விழும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் மின்னாது. மின்னுகிற இடமெல்லாம் மழுங்கியிருக்கும், அல்லது பல் விழுந்திருக்கும். இவை சாணைக்கல்லில் தீரக்கூடிய குறைகள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உடைந்திருந்தாலும் பொறுமையுள்ளவர் தேய்த்துச் சரிசெய்துவிடுவார். விரிசல் அப்படியல்ல. மெல்லிய அலகுகளில் அது கூரிலிருந்து முதுகை நோக்கி ஓடும், சும்மா பார்த்தால் தெரியாது. கூரைக் கட்டைவிரல் நகத்தின்மேல் படுக்கவைத்து மிக லேசாக அழுத்தினால் அலகு சற்று வளையும். விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும். தெரிந்தால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

துருவிலும் இரண்டு உண்டு. மேலோட்டமான செந்துரு துடைத்தால் போகும். கருத்துக் குழி விழுந்த துரு முதுகுப் பக்கம் இருந்தால் அழகு மட்டுமே கெடும். அதே குழி கூரிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால், தீட்டத் தீட்டக் கூரே அந்தக் குழியைப் போய்த் தொடும். அங்கே வாய் பொடிந்துகொண்டே இருக்கும்.

துருப்பிடித்த கத்தியைவிட எனக்கு அதிக சந்தேகம் வருவது கண்ணாடிபோல் பளபளக்கும் கத்தியின் மேல்தான். விற்பதற்காக மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றும்போது மெல்லிய கூர் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் எஃகின் பதம் இறங்கிவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கூரோரம் நீலம் பாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, அலகின் கோணங்கள் எல்லாம் உருண்டிருந்தால் சக்கரம் பட்ட கத்தி என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது முதுகு. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படும். கூரின் கோணத்தை முடிவுசெய்வது முதுகின் பருமனும் அலகின் அகலமும்தான். பெரும்பாலும் 16, 17 பாகை அளவில் இருக்கும். முரட்டுத்தனமாகத் தீட்டப்பட்ட கத்தியில் முதுகின் இருபுறமும் பட்டையாகத் தேய்ந்திருக்கும். இரண்டு பட்டையும் ஒரே அகலத்தில், மெல்லியதாக இருந்தால் குறையில்லை. ஒன்று அகன்றும் மற்றது குறுகியும் இருந்தால் அலகு கோணியிருக்கலாம், அல்லது தீட்டியவர் கை ஒரு பக்கமே அழுத்தியிருக்கலாம். கூர்க்கோடு வெளிப்பக்கம் லேசாக வளைந்திருப்பது பழைய ஆங்கிலக் கத்திகளில் இயல்பு. உட்பக்கம் குழிந்திருப்பது கோளாறு. அதை நேராக்க நிறைய எஃகைத் தியாகம் செய்ய வேண்டும். அலகில் படமோ எழுத்தோ செதுக்கியிருந்து, அது கூரோரத்தில் பாதியில் அறுந்து நின்றால், எவ்வளவு அகலம் கல்லோடு போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இவ்வளவும் தேறிய பிறகு ஊரைப் பார்க்கலாம். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டதிலிருந்து ஷெஃபீல்டின் புகழ் தொடங்குகிறது. வேட் அண்ட் புட்சர், ஜோசப் ராட்ஜர்ஸ், ‘ஐ எக்ஸ் எல்’ முத்திரை போட்ட வாஸ்டன்ஹோம் ஆகியவை அங்கே பெரிய பெயர்கள். பழைய ஷெஃபீல்ட் அலகு ஆப்புபோல் தடித்தது, அல்லது மிகச் சிறிதளவே குழிந்தது. கையில் கனம் தெரியும். முரட்டுத் தாடியில் தடுமாறாமல் போகும். ஆனால் கல்லில் படும் பரப்பு அதிகம் என்பதால் தீட்ட நேரமாகும். சோலிங்கன் கத்தியின் இரு பக்கமும் ஆழமாகக் குழித்திருக்கும். தோலில் போகும்போது மெல்லிய ஒலி எழும். ரோமம் எங்கே எதிர்க்கிறது என்பது விரலுக்கே தெரியும். சீக்கிரம் தீட்டிவிடலாம். கை தவறினால் சீக்கிரம் உடையவும் செய்யும். அங்குள்ள ஹென்கெல்ஸ் நிறுவனத்தின் இரட்டையர் முத்திரை 1731இல் பதிவானது. டோவோ நிறுவனம் 1906இல் தொடங்கியது. சோலிங்கன் என்ற பெயரையே 1938இல் சட்டம் போட்டுக் காத்தார்கள்.

ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவிலிருந்து வந்த ஹெல்யெஸ்ட்ராண்ட், எரிக் அன்டன் பெர்ய் கத்திகள் கடினமான எஃகுக்குப் பேர்போனவை. பிடித்த கூர் நெடுநாள் நிற்கும். விற்பவருக்கு மதிப்புத் தெரியாமல் கிடந்தால் நான் முதலில் எடுப்பது இவற்றைத்தான். பிரான்சின் தியேர், அமெரிக்காவின் ஜெனீவா நகரக் கத்திகளும் நல்லவையே. புதிதாகப் பழகுகிறவருக்கு என் யோசனை: எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு அங்குல அகலமுள்ள, முனை உருண்ட சோலிங்கன். யாரும் கேள்விப்படாத பெயராக இருந்தாலும் கூர் சுத்தமாக இருந்தால் போதும். தடித்த ஷெஃபீல்டைக் கை பழகிய பின் வாங்கலாம்.

காலத்தைக் கணிக்க ஒரு நல்ல தடயம் உண்டு. அமெரிக்காவின் மெக்கின்லி வரிச்சட்டப்படி 1891 முதல் இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் கட்டாயமானது. ஆகவே இங்கிலாந்து, ஜெர்மனி என்று பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பெயர் இல்லாததாலேயே முந்தியது என்று சொல்லிவிட முடியாது. வேறு சந்தைக்குப் போனதாகவும் இருக்கலாம். அலகின் பின்னால் நீளும் வால் மிகக் குட்டையாகவோ இல்லாமலோ இருந்தால் 18ஆம் நூற்றாண்டுவரை போகலாம். ‘சில்வர் ஸ்டீல்’ என்ற பொறிப்புக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். விஞ்ஞானி ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டும் 1820 வாக்கில் எஃகில் வெள்ளி கலந்து சோதித்தது உண்மை. பின்னாளில் அந்தப் பெயர் வெறும் விளம்பரமாகவே ஒட்டிக்கொண்டது.

கைப்பிடியில் மூடித் திறந்து பாருங்கள். அலகு இரு பக்கமும் உரசாமல் நடுவில் இறங்க வேண்டும். ஆணி தளர்ந்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டி இறுக்கலாம். யானைத் தந்தப் பிடி என்று சொன்னால் தொடாதீர்கள். இந்தியாவில் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். அதிகம் கவனிக்க வேண்டியது செல்லுலாய்ட். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்த இந்தப் பிடி சிதையத் தொடங்கினால் அமில ஆவி வரும். பக்கத்தில் வைத்த மற்ற கத்திகளும் துருப்பிடிக்கும். அலகு முழுக்கச் சுத்தமாக இருந்து, பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு திட்டாகப் படர்ந்திருந்தால், ஆமையோடு போன்ற பிடியில் நுண்விரிசல் ஓடியிருந்தால், காரணம் செல்லுலாய்ட்தான். அலகு நல்லதென்றால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கி, அன்றைக்கே பிடியைக் கழற்றிவிடுங்கள். வேறு மரப்பிடியோ கொம்புப்பிடியோ போடும்வரை, தையல் மெஷின் எண்ணெய் தடவி அலகைத் தனியாக வைத்திருக்கலாம்.